வாசனையாக இருக்க ஆசைப்பட்டேன்

கொரோனா கட்டுப்பாடுகள் எல்லாம் முடிந்து, ஊரே முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விட்ட சமயம் அது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். நான் தண்டையார்பேட்டையில், துறைமுகத்துக்கு வந்து போகும் கன்டெய்னர்களுக்கான காகித வேலையைச் செய்து கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு.

எல்லோருக்கும் முகக்கவசம் போனதில் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏசி அறையில் பக்கத்து மேஜைப் பெண், நல்ல மனசுக்காரி, ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டார், "இன்னைக்கு உங்க வீட்ல மீன் குழம்பா?" என்று. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் சாம்பார்.

அவர் கேட்டது அத்தோடு முடிந்தது. என் மனசுக்குள் அது முடியவில்லை. தினமும் காலையில் தலைக்குக் குளித்து, புடவையை மோந்து பார்த்து, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே போயும் வாடை போகவில்லை என்றால் அது என் தோலிலேயே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து வாசனைதான் என் வேலை. மேலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, கைக்கும் கழுத்துக்கும் லோஷன், கைப்பையில் எப்போதும் ஒரு பாக்கெட் ஈர டிஷ்யூ. எலுமிச்சை, லாவெண்டர் என்று வகை வகையாக. பாக்கெட்டைப் பிரித்தாலே பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் துடைப்பது என்பது ஒரு தனிப் பழக்கம். சுற்றிலும் அனல் மின் நிலையங்கள், அந்தப் பக்கம் மணலியில் எண்ணெய், ரசாயனத் தொழிற்சாலைகள், ரோடு முழுக்கக் கன்டெய்னர் லாரி. மேலக்காற்று அடித்தால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். வெளியே போய் வந்தவர்கள் முதலில் முகத்தைத் துடைப்பார்கள், பிறகுதான் தண்ணீர் குடிப்பார்கள். எங்கள் எல்லோருக்கும் மூக்குதான் காவல்காரன். கேஸ் நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்து. கருகல் வாடை வந்தால் துணியை எடு. கெட்ட நாற்றம் என்றால் ஆபத்து, நல்ல வாசனை என்றால் சுத்தம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அங்கே வளர்ந்த எல்லோருக்கும் தானாக வந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கு என் பயம் எப்படியோ புரிந்துவிட்டது. அவராகவே டிஷ்யூ பாக்கெட் வாங்கி வர ஆரம்பித்தார். கடலிலிருந்து வந்து குளித்தபிறகு, என் லோஷனை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டுதான் என் பக்கத்திலேயே உட்காருவார். "இப்ப மோந்து பாரு மே, மாப்ள மாதிரி மணக்குதா?" என்று கையை நீட்டுவார். முரட்டுக் கை, பூவாக மணக்கும். நான் சிரிப்பேன்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் லேசாகச் சிவந்தது. அடுத்து கண் இமை. அடுத்து கழுத்து. முதலில் அரிப்பு, பிறகு எரிச்சல், பிறகு தோல் மீன் செதில் மாதிரி உரிய ஆரம்பித்தது. டிஷ்யூ போட்டுத் துடைத்தால் சுரீர் என்று எரியும். அழுக்கு போகிறது, அதனால் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் பேசுவோம். காயத்துக்கு மருந்து போட்டால் எரிய வேண்டும், எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது. அதனால் இன்னொரு தடவை துடைத்தேன்.

எரிச்சலைத் தணிக்க ஒரு பச்சைநிற ஜெல் வாங்கினேன். "முழுக்க இயற்கை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதிலும் கமகமவென்று வாசனை. அது போதாதென்று கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாறு என்று யார் எதைச் சொன்னாலும் பூசினேன். என் முகம் கிட்டத்தட்ட ஒரு சமையலறை ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணி வாசலில் வைத்து என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பாவிங்க, சாம்பலக் கொட்டிக் கொட்டி மூஞ்ச இன்னா பண்ணி வச்சிகீறானுங்க பாரு!" என்று அவர் கண் கலங்கினார். மின் நிலையச் சாம்பலை எதிர்த்து எங்கள் குப்பத்துக்காகப் பல வருடங்களாக மனுக் கொடுத்து நடப்பவர் அவர். என் முகத்தைக் கைபேசியில் படம் எடுத்து, மனுவோடு சேர்த்தார். நானும் முகத்தைக் காட்டினேன். கிளினிக் டாக்டரிடம் போனபோதும், "என்னம்மா?" என்று அவர் கேட்பதற்குள் "சாம்பல் சார்" என்று சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டி, தூசி அலர்ஜி என்று மாத்திரை எழுதினார். இப்போது யோசித்தால், பதிலை நாமே முடிவு செய்துகொண்டு போய்த்தான் டாக்டர் முன்னால் உட்காருகிறோம் என்று தோன்றுகிறது.

சாம்பல்தான் காரணம் என்பதற்குப் பெரிய சாட்சி ஒன்றும் கிடைத்தது. மே மாத லீவில் மகளை அழைத்துக்கொண்டு என் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கல்யாணமாகி அரக்கோணம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அங்கே போய்ப் பத்து நாளுக்குள் என் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. இமை வீக்கம் வற்றியது, கழுத்தில் தடமே இல்லை. எண்ணூருக்குத் திரும்பினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இமை அப்படி வீங்கியிருந்தது. அந்த முகத்தோடு அலுவலகம் போனேன். கவுன்டருக்கு வந்த லாரி டிரைவர் ஒருவர் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கத் தயங்கி, மேஜை மேலே வைக்கச் சொன்னார். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்திருப்பார். வீட்டுக்கு வந்து அழுதேன். வாசனையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள், இப்போது பக்கத்தில் வரவே ஆள் யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார், "அழுவாத மே. இந்தக் காத்து உனுக்கு ஒத்துக்கலன்னு தெரிஞ்சிபோச்சி. காத்த மாத்த முடியாது. ஊர மாத்திக்கலாம்."

"ஊர மாத்திக்கினு? நீ இன்னா பண்ணுவ அங்க?"

"உங்க அக்கா வூட்டுக்காரரு சொல்லிகினு இருந்தாரே, கம்பெனியில வாட்ச்மேன் வேல கீதுன்னு. பாத்துக்கலாம்."

"நம்ம போட்டு இன்னா ஆவறது?"

"குடுத்துட வேண்டிதான்."

"கடல வுட்டுட்டு நீ இருப்பியாய்யா?"

அவர் சிரித்தார். "கடலு எங்க போவப் போவுது? அது இங்கியேதான் கீது. நாமதான் போறோம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் கரையில் படகுக்குப் பக்கத்தில் அவர் வெகுநேரம் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். பதினைந்து வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தூக்கத்திலேயே சொல்வார். அவரை ஒரு தொழிற்சாலை வாசலில் நீலச் சட்டை போட்டு, லாரி நம்பர் எழுதும் ஆளாக நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போது எனக்கும் போனால் போதும் என்றுதான் இருந்தது.

காசிமேட்டில் இருக்கும் அவருடைய தோஸ்து ஒருவர் படகை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து வந்து எடுத்துப் போகிறேன் என்று பேச்சு. எங்கள் ஜனங்களுக்கு இதில் எழுத்தெல்லாம் கிடையாது. வாயால் சொன்னது சொன்னதுதான்.

ஆடியில், கண் வீக்கம் சற்று வற்றியிருந்த சமயம், நானும் மகளும் மறுபடி அக்கா ஊருக்குப் போனோம். வாடகை வீடு பார்க்க வேண்டும், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்க வேண்டும். கிளம்பும்போது என் வீட்டுக்காரர் பையில் ஒரு புது டிஷ்யூ பாக்கெட்டும் புது லோஷன் பாட்டிலும் வைத்தார். "புது ஊரு, புது ஜனங்க. போய் வாசனையா நில்லு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுச் சொந்தக்காரர் முன்னால், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை முன்னால், குப்பத்துக்காரி என்று வாடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. ரயிலிலேயே முகத்தைத் துடைத்தேன். இறங்கித் துடைத்தேன். வீடு பார்க்கப் போகுமுன் துடைத்தேன். கழுத்துக்கு லோஷன், மேலுக்கு ஸ்ப்ரே.

வீடும் கிடைத்தது, பள்ளியில் இடமும் கிடைத்தது. நல்ல சேதியோடு தூங்கினேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்தால், கண்ணைத் திறக்க முடியவில்லை.

அக்கா காபியோடு வந்தவள் அப்படியே நின்றாள். "இன்னாடி இது! இங்க இன்னா பவர் ஹவுஸா கீது? சாம்பல் எங்கேர்ந்து வந்துச்சி?"

வாசலில் போய் நின்றேன். எதிரே வேர்க்கடலைக் கொல்லை, தூரத்தில் ரயில் பாதை. துணிக்கொடியில் அக்காவின் வெள்ளைத் துண்டு பளிச்சென்று தொங்கியது. விரலால் தடவிப் பார்த்தேன், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அந்த இடத்தில் எனக்குப் பெரிய பயம் வந்தது. ஊரை விட்டு, கடலை விட்டு, எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்த இடத்துக்கும் இது கூடவே வந்திருக்கிறது என்றால், நாங்கள் எதற்காக எல்லாவற்றையும் விடுகிறோம்?

அக்கா பின்னாலேயே வந்து காற்றை மோந்து பார்த்தாள். அவளுக்கு எப்போதுமே வாயை அடக்கத் தெரியாது. "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. நீ வந்ததுலேர்ந்து என் வூடு சென்ட்டுக் கட மாதிரி கீது. போன தபா வந்தப்போ நீ இப்டி இல்லியே. என் சோப்பப் போட்டுக் குளிச்சிகினு, என் கிழிஞ்ச துண்டுல மூஞ்சத் தொடச்சிகினு சும்மா கெடந்த."

போன தடவை. ஆமாம், மே மாதம் நான் ஒன்றுமே கொண்டுவரவில்லை. அலுவலகம் இல்லை, யாரையும் பார்க்கப் போகவில்லை, துடைக்கச் சாம்பலும் இல்லை. கைப்பையில் இருந்த பாக்கெட் காலியாகியிருந்தது, புதிதாக வாங்கத் தோன்றவும் இல்லை. எண்ணூருக்குத் திரும்பி இறங்கிய அன்றே முதல் வேலையாக முகத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். நான் காற்று மாறியதால் குணமானேன் என்று நினைத்தேன். காற்று மட்டுமா மாறியது?

உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அலைச் சத்தத்துக்கு நடுவே ஏதோ கரகரவென்று சத்தம் கேட்டது.

"இன்னா பண்ணிகினு கீற?"

"போட்ல பாப்பா பேரு கீதில்ல, அத்த சொரண்டிகினு கீறேன். வேற ஆளு கைக்குப் போவசொல்ல, பாப்பா பேரு அதுல இருக்க வேணாம்னு."

படகு வாங்கிய அன்று அந்தப் பெயரை ஆள் வைத்து எழுதாமல், நாக்கைத் துருத்திக்கொண்டு அவரே எழுதியவர்.

"நிறுத்துய்யா."

"இன்னாச்சி மே?"

"இங்கயும் வந்துடுச்சி. கண்ணு வீங்கிச்சி."

கரகர சத்தம் நின்றது. "அங்க சாம்பலே கெடையாதே?"

"அதான் சொல்றேன். எனுக்கு அந்த டிஷ்யூ மேல சந்தேகமா கீது. அந்த லோஷன் மேலயும்."

அவர் மெதுவாகக் கேட்டார், "நான் வாங்கினு வந்து குடுத்ததா?"

அந்தக் குரலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. நிச்சயமாகத் தெரியாது என்றேன். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பார்த்துவிடலாம் என்றேன். பார்ப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. எண்ணூருக்கே திரும்பிப் போய், அதே காற்றில், அதே சாம்பலில், வாசனை ஒன்றும் இல்லாமல் இருந்து பார்ப்பது.

அக்காவின் சாதாரண சோப்பில் ஒரு கட்டியை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மறுநாளே ராயபுரத்தை ஒட்டிய அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். இந்தத் தடவை வாயைத் திறந்து எந்தப் பதிலும் சொல்லவில்லை. முகத்தை மட்டும் காட்டினேன். தேய்த்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். டாக்டரம்மா பையை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"இல்ல மேடம். அவருக்கும் இல்ல, பொண்ணுக்கும் இல்ல."

புடவைத் தலைப்பை விலக்கி முழங்கையைப் பார்த்தார். சாம்பல் படும் இடம்தான், ஆனாலும் அங்கே ஒன்றும் இல்லை. வலது கையைத் திருப்பினார். கட்டை விரல் நுனியும் அடுத்த இரண்டு விரல் நுனியும் உரிந்து வெடித்திருந்தன. அலுவலகத்தில் நாளெல்லாம் காகிதம் புரட்டுவதால் என்று நான் விட்டுவைத்திருந்த விரல்கள்.

"டிஷ்யூவை எந்தக் கையால பிடிப்பீங்க?"

என் மூன்று விரலும் தாமாகவே சேர்ந்து காற்றில் ஒரு டிஷ்யூவைப் பிடித்துக் காட்டின. அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சந்தேகத்தை உறுதி செய்ய என் முதுகில் சின்னச் சின்னப் பொட்டுகளாகச் சில பொருள்களை வரிசையாக ஒட்டினார்கள். நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது. சாம்பல் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் முதுகை நனைக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். மறுபடி போனபோது பொட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். பின்னும் இரண்டு நாள் விட்டு இன்னொரு தடவை பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்றும் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் தோல் தடித்துச் சிவந்திருந்தது. ஒன்று வாசனைப் பொருள்களின் கலவை. இன்னொன்று, ஈர டிஷ்யூ கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் ஒருவகைப் பதப்படுத்தும் ரசாயனம்.

அந்த டாக்டரம்மா எனக்காக நேரம் எடுத்துக்கொண்டு சொன்னதெல்லாம் இன்றும் மனசில் இருக்கிறது. ஒரு துண்டு ஈரமாகவே பாக்கெட்டுக்குள் மாதக்கணக்கில் இருந்தும் ஏன் பூஞ்சை பிடிப்பதில்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதற்கு ஏதோ ஒன்று போட்டிருக்கத்தானே வேண்டும்? சோப்பைக் கழுவிவிடுகிறோம், அதிலுள்ளது பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடுகிறது. டிஷ்யூவில் துடைத்தால் நாம் கழுவுவதில்லை, அது அப்படியே தோலில் தங்கிவிடுகிறது. அதுவும் கண் இமை மாதிரி மெல்லிய தோலில். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் வாசனைப் பொருள் என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ பொருள்கள் ஒளிந்துகொண்டிருக்கலாம். வாசனையே தெரியாத கிரீமில்கூட, மற்றப் பொருள்களின் வாடையை அமுக்குவதற்காக வாசனைப் பொருள் சேர்த்திருப்பார்களாம். மோந்து பார்த்தால் தெரியாது, படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

"ஜெல்லுல முழுக்க இயற்கைன்னு போட்டிருந்ததே மேடம்?" என்று கேட்டேன்.

"எலுமிச்சம்பழமும் இயற்கைதான். கண்ணுல பிழிஞ்சுக்குவீங்களா?" என்றார்.

நான் முகத்திலேயே பிழிந்துகொண்டவளாயிற்றே.

என் மகளும் அதே டிஷ்யூவில்தான் முகம் துடைப்பாள், அவளுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டேன். அது விஷம் இல்லை, பல பேருக்கு ஒன்றும் செய்யாது, உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றார். மாதக்கணக்கில் சும்மா இருந்த பொருளே ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். தோல் ஒருமுறை அதைப் பகையாக நினைத்துவிட்டால் பிறகு எளிதில் மறக்காதாம். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, எரிந்தால் நிறுத்து என்று அர்த்தம் என்றார். இனிமேல் எது புதிதாக வாங்கினாலும் நேரே முகத்துக்குக் கொண்டுபோகாமல், முழங்கையின் உள்பக்கம் கொஞ்சமாகத் தடவி, ஒரு வாரமாவது அப்படிச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு பூசச் சொன்னார். கடைசியாக, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "சாம்பல் நல்லதுன்னு நான் சொல்லல. அதுவும் தோலை உறுத்தும், நெஞ்சுக்கும் ஆகாது. உங்க முகத்துல இருக்கிறதுக்குக் காரணம் அது இல்லன்னு மட்டும்தான் சொல்றேன்."

வாசனைகளை நிறுத்தியபிறகு, மேலக்காற்று பலமாக அடித்த ஒருநாள் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கண்ணில் தூள். வீட்டுக்கு வந்ததும் கை பழக்கதோஷத்தில் பைக்குள் போயிற்று. பை காலி. வெறும் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுப் பழைய பருத்தித் துண்டால் ஒற்றிக்கொண்டேன். மறுநாள் காலையில் எழுந்து கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. இரண்டு கண்ணும் திறந்தன. என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீக்கம் கீதா?" என்றார். "இல்ல" என்றேன். எழுந்து கடலுக்குப் போய்விட்டார்.

காசிமேட்டுத் தோஸ்துக்குச் சேதி சொல்ல அவர்தான் போனார். கொடுத்த வாக்கை மீறுவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. திட்டு வாங்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். தோஸ்து கொஞ்சநேரம் முறைத்தாராம். பிறகு, "மூஞ்சி தொடைக்கிற பேப்பருக்காவ போட்டயே விக்க வந்த மொத ஆளு நீதான் மாமு" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாராம். இன்றும் அவரை எங்கே பார்த்தாலும் அந்தக் கேலி உண்டு.

பக்கத்து வீட்டு அண்ணியிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. என் படம் அவருடைய மனுவோடு இருக்கிறதே. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு யாராவது அதைக் கண்டுபிடித்துவிட்டால், மூச்சிழுப்பால் நிஜமாகவே அவதிப்படும் எங்கள் தெருப் பிள்ளைகளின் பேச்சையும் பொய் என்று சொல்லிவிடுவார்களே. போய்ச் சொன்னேன். அண்ணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இத்தினி நாளா சாம்பல்தான்னு சொல்லிகினு இருந்தோமே!" என்றார். பிறகு அவரே, "சரி, உன் மூஞ்ச எடுத்துடறேன். நெசமா கீறதே நெறைய கீது, அதுவே போதும்" என்றார். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

படகு இன்னும் எங்கள் கரையில்தான் இருக்கிறது. சுரண்டிய எழுத்துகளுக்கு அவரே மறுபடி வண்ணம் அடித்தார். அதே நீலம் கிடைக்கவில்லை. மகளின் பெயரில் முதல் இரண்டு எழுத்து ஒரு நிறம், மீதி வேறு நிறம். அவளுக்கு அதில் கோபம். முழுசாக அடித்துத் தரச் சொல்லி இன்றும் கேட்கிறாள். அவர் அடிக்க மாட்டேன் என்கிறார்.

வெறும் சோப்பில் குளித்துவிட்டு அலுவலகம் போக ஆரம்பித்த முதல் நாள் புடவையை நாலு தடவை மோந்து பார்த்தேன். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் நானே நடந்ததைச் சொன்னேன். அன்றைக்குக் கேட்டது பற்றியும் சொல்லிவிட்டேன். அவருக்கு அது நினைவே இல்லை. அன்று பசியாக இருந்திருக்கும், அதனால் கேட்டிருப்பேன் என்றார். எத்தனை பாட்டில், எத்தனை பாக்கெட், எத்தனை அழுகை! இப்போது வாரத்தில் ஒருநாள் என் டப்பாவில் மீன் வறுவல் போகிறது. பாதியை அவர்தான் சாப்பிடுகிறார்.

என் வீட்டுக்காரருக்குத்தான் பழக்கம் மாற நாளாயிற்று. கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு, லோஷன் இருந்த இடத்தைப் பார்த்து நிற்பார். "நாத்தம் அடிக்கும் மே" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நான்தான் இழுத்து என் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். உப்பும் மீனும் டீசலும் கலந்த வாடை. எனக்காகக் கடலையே விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகத் துணிந்த அந்தக் கையை வாசனை பூசி மறைக்கச் சொன்னேனே என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. இப்போது என் முகத்துக்கு எரிச்சல் தராத வாசனை அது ஒன்றுதான்.